ஆனந்தா நீலத்தில் நாற்பத்தோரு பெயர்கள்

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளி அலுவலகத்தில், நான் எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அவள் போன் செய்தால் ஏதோ ஒரு ஃபைல் காணவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அப்படி இல்லை.

"மேடம், எங்க வீட்டுக்காரரு பர்த்டேக்கு மை ஊத்தற பேனா வாங்கிக் குடுத்துட்டாரு. இப்ப அதான் ஃபேஷனாம். இங்க் ஆர்டர் போடலாம்னு பாத்தா, நீலத்துலயே தொண்ணூறு இருக்குது. எதை வாங்கறது?"

"எதுக்கு எழுதப் போற?"

"இன்னா மேடம், எழுதறதுக்குத்தான்."

"அது இல்லமா. எழுதனது எத்தனை நாளைக்கு இருக்கணும்?"

ஒரு இங்க் பாட்டில் வாங்க இவ்வளவு பேச வேண்டுமா என்று நினைத்திருப்பாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்லிவிடுகிறேன். கடிதம், டைரி, மளிகைச் சீட்டு எழுதுவதென்றால் மனசுக்குப் பிடித்த நீலத்தை வாங்கிக்கொள்ளலாம். ராயல் ப்ளூ அழகு. புடவையில் கொட்டினாலும் துவைத்தால் போய்விடும், பேனாவையும் அடைக்காது. ஆனால் நாம் போன பிறகும் இருக்க வேண்டிய எழுத்து என்றால், தண்ணீருக்கு அசையாத ப்ளூ-பிளாக்தான். எழுதும்போது நீலமாக இருக்கும், நாளாக ஆகக் கருத்துப் போகும். அதிலும் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பக்கூடாது. ஒரு தாளில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, குழாயடியில் காட்டிப் பார்க்க வேண்டும்.

ஷாலினி இதை அப்படியே பழைய ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். "ரோஸ்லின் மேடத்துக்கு இங்க்கைப் பத்தி இவ்ளோ தெரியுமா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரும் ஒருமுறை தப்பாகத் தேர்ந்தெடுத்தார். அதனால் ஒரு பெண்ணின் வேலை அந்தரத்தில் தொங்கியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் முசரவாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, காஞ்சிபுரத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. முதல் ஆறு மாதம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததும், பெல் அடிக்கும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டதும் தவிர வேறு எதுவும் நினைவில்லை.

நினைவிருப்பது ஏகாம்பரம் சார்தான். தலைமை எழுத்தர். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் தறியில் உட்கார, இவர் மட்டும் படித்து மேசைக்கு வந்தவர். நெற்றியில் மூன்று கோடு விபூதி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று விசாரிக்காத ஒரே ஆள் அவர்தான். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்து, "உங்க பேரு, அப்பா பேரு, ஊரு. நிதானமா எழுதும்மா" என்றார். எழுதினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா பேருல 'ழ' நல்லா வருது. உக்காருங்க" என்றார். எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அவருடைய உலகத்தில் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான் பெரிது. அட்மிஷன் ரிஜிஸ்டர் என்று நாங்கள் சொல்வது. ஒரு பிள்ளை பள்ளியில் கால் வைத்த அன்று அதன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் அதில் ஏறும். வீட்டிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகள் அப்போது ஏராளம். அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் ஜாதகம்.

அந்த வரியை எழுதும் மைக்காக அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு மே மாதமும், சேர்க்கை தொடங்கும் முன், பதிவேட்டுத் தாளில் கிழித்த நாலு துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்புவார். நானும் கூடப் போவேன். கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார்கள். பாட்டிலைத் திறக்கச் சொல்லி, நிப்பைத் தொட்டு, ஒரு வரி எழுதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"இது மயில்கழுத்துமா. பச்சை எட்டிப் பாக்குது, வேணாம்."

"இது ராமர் நீலம். நல்லாத்தான் இருக்குது. ஆனா மேலாக்க நிக்குது, உள்ள எறங்கல."

"இது இன்னாப்பா, சோப்புத் தண்ணியில சொட்டு நீலம் போட்டாப்ல?"

கடைக்காரர் பொறுமை இழந்து, "சார், ப்ளூன்னா ப்ளூ சார்" என்பார். ஏகாம்பரம் சாருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். "எங்க வூட்ல நீலத்துக்கு மட்டும் பன்னெண்டு பேரு இருக்குது. உனக்கு ஒண்ணுதானா?"

வாங்கி வந்த மைக்கு அலுவலகத்தில் பரீட்சை நடக்கும். ஒரு துண்டில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பாதியை அட்டையால் மூடிவிடுவார். இரண்டு வாரம் வெயில் காய்ந்த பிறகு அட்டையை எடுத்தால், இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இன்னொரு துண்டைக் குழாயடியில் நீட்டுவார். மூன்றாவதைத் திருப்பி, மை மறுபக்கம் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பார். நாலாவதில் எழுதி முடித்துப் பத்து எண்ணி, விரலால் தேய்ப்பார். நாலிலும் தேறிய மைதான் பதிவேட்டுக்குப் போகும். பெரும்பாலும் ப்ளூ-பிளாக்தான் தேறும்.

திங்கட்கிழமை காலை பேனா கழுவும் சடங்கு. ப்ளூ-பிளாக் மை தங்கினால் பேனாவுக்குள் மண்டி கட்டும் என்பார். வெதுவெதுப்பான தண்ணீரை உறிஞ்சி, பீய்ச்சி, நிறமில்லாத தண்ணீர் வரும்வரை விடமாட்டார். பிறகு பழைய வேட்டித் துணியில் நிப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வரும்வரை டி.சி. கேட்டு வந்த எந்தப் பெற்றோருக்கும் டி.சி. கிடைக்காது.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். ஒரு மாற்றுச் சான்றிதழில் பிள்ளையின் அப்பா பெயரில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' போட்டுவிட்டேன். அதன் மேலேயே அழுத்தி 'ள' ஆக்கினேன். சாயங்காலம் மேசைமேல் காகிதம் இருந்தது: எழுத்தின் மேல் எழுத்து எழுதியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவும். பக்கத்து மேசையில் இருக்கும் மனுஷன்!

"வாயால சொன்னா ஆவாதா சார்?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னா நாளைக்கு நீங்களும் மறந்துருவீங்க, நானும் மறந்துருவேன். தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடிச்சது படிக்கற மாதிரி இருக்கணும். மேல சரியா எழுதி, ஹெட்மாஸ்டர் கிட்ட இனிஷியல் வாங்கணும். மேல மேல எழுதனா, பாக்கறவன் இன்னா நெனப்பான்? எதையோ மறைக்கறாங்கன்னு நெனப்பான்."

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறதென்று அதையும் திருப்பிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வீடு போனேன். மறுநாளிலிருந்து இன்றுவரை ஓர் எழுத்தின் மேல் இன்னோர் எழுத்தை எழுதியதில்லை.

இப்படிப் பதினோரு வருஷம். அவர் ஓய்வு பெற்று ஓரிக்கையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் தலைமை எழுத்தர் ஆனேன். ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் அந்த விவகாரம் வந்தது.

கலைச்செல்வி எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் படித்த பெண். செவிலிமேட்டுக்காரி. அப்பா சண்முகம் கூலிக்குத் தறி நெய்கிறவர். அவள் பெண் காவலர் தேர்வில் எல்லாச் சுற்றிலும் தேறிவிட்டாள். பணி ஆணை வர வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் பிறந்த வருஷத்தைத் திருத்தி ஒரு வயது குறைத்திருக்கிறாள் என்று அதில் இருந்தது. தேர்வுக்கு வயது உச்சவரம்பு உண்டு. வருஷத்தின் கடைசி எண் ஆறு என்றால் அவள் உள்ளே. ஐந்து என்றால் வெளியே.

விசாரிக்க ஓர் அம்மா வந்தார். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அலுவலர். அதிராமல் பேசுகிறவர், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பதிவேட்டைக் கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருஷம் முந்தைய பதிவேடு அது. அவர் பக்கத்தைத் திருப்பியதும் நானும் குனிந்து பார்த்தேன்.

கலைச்செல்வியின் பிறந்த தேதியில் கடைசி எண் ஆறுதான். ஆனால் அது இரண்டு முறை எழுதப்பட்ட ஆறு. கருநீலக் கோட்டின் ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அந்த எண் மட்டுமல்ல, அந்த வரி முழுக்க அப்படி. அடுத்த வரியும் அப்படி. எதிரும் புதிருமான இரண்டு பக்கங்களில் நாற்பத்தோரு பிள்ளைகளின் பெயரும் தேதியும் மேலுக்கு மேல் எழுதப்பட்டிருந்தன. ஓர் இடத்தில்கூடத் தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பம் இல்லை. கையெழுத்து யாருடையது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏகாம்பரம் சாரின் 'ழ'வை நான் பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

"இதை யார் எழுதினது? எப்ப எழுதினது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் கையெழுத்து மேடம். மேல எழுதினது ஏன்னு எனக்குத் தெரியலை."

"அடுத்த வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சரியான விளக்கம் வேணும். இல்லைன்னா இந்த ரெண்டு பக்கமும் நம்பத்தக்கதல்லன்னு எழுத வேண்டியிருக்கும். அந்தப் பொண்ணு மட்டும் இல்லைங்க, மத்த நாப்பது பேருக்கும் அது சிக்கல்தான்."

அவர் போனதும் தலைமை ஆசிரியர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனுஷர். "ரோஸ்லின், பதிவேட்டுல இருக்கறது இருக்கறபடின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடலாம். மேல நமக்குத் தெரியாதுன்னுடலாம்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மறுநாள் கலைச்செல்வியே வந்தாள், அப்பாவுடன். சண்முகம் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். ஒடிசலான பெண், ஆனால் நிற்கும் விதத்திலேயே பரேடு தெரிந்தது.

"மேடம், காலையில நாலரைக்கு எழுந்து பாலாத்து மணல்ல ஓடிக்கினு இருந்தேன், ரெண்டு வருசம். நீளம் தாண்டனேன். குண்டு எறிஞ்சேன். எல்லாத்துலயும் பாஸு. இப்ப யாரோ பேனாவால கிறுக்கனதுக்கு எனக்கு வேலை இல்லியா?"

"நாங்க எதுவும் திருத்தலமா" என்றார் சண்முகம் வாசலிலிருந்தே. "எனக்குக் கையெழுத்து போடவே இப்பத்தான் வருது. நான் போய் ரிஜிஸ்டர்ல எழுதுவனா?"

சேர்க்கையின்போது பெற்றோர் கொடுத்த விண்ணப்பத்தைத் தேடினேன். அந்த வருஷக் கட்டு முழுவதையும் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியிருந்தது அந்த இரண்டு பக்கங்கள். அதை எழுதிய ஆள் ஓரிக்கையில் இருந்தார்.

சனிக்கிழமை ஓரிக்கைக்குப் பஸ் ஏறினேன். பதிவேட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். ஏகாம்பரம் சார் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கோ ரேஷன் கார்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆகிப் பெரிய கண்ணாடி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா வாம்மா! இன்னா, இப்ப எந்த இங்க்கு ஓடிக்கினு இருக்குது ஆபீஸ்ல?"

மனு வாங்க வந்தவர் போகும்வரை காத்திருந்து, ஜெராக்ஸை நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். சிரிப்பு இறங்கிவிட்டது.

"ஜெராக்ஸ்ல இன்னா தெரியும்? எல்லாம் கருப்பாத்தான் இருக்குது."

"நேர்ல பாத்தா ரெண்டு நீலம் தெரியுது சார்."

"எந்த வருசம்னே ஞாபகம் இல்லமா. வயசாயிடுச்சி இல்ல."

"சார், நான் மூணாவது மாசம் எழுதிக் குடுத்த விளக்கத்துல எந்த இடத்துல ஒற்று விட்டேன்னு போன வருசம் பாத்தப்பகூடச் சொன்னீங்க."

கலைச்செல்வியைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரோஸ்லின், இந்தத் தெருவுல யாருக்கு எந்தக் காயிதம் எழுதணும்னாலும் என்கிட்டதான் வர்றாங்க. ஏகாம்பரம் எழுதனா கோணல் இருக்காதுன்னு ஒரு பேரு. இந்த வயசுல அதுவும் போனா எனக்கு இன்னா இருக்குது, சொல்லு?"

அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "உங்க ஒருத்தர் பேரு சார் அது. அந்தப் பக்கத்துல நாப்பத்தோரு பேரு பேரு இருக்குது. ஒரு எழுத்துக்கு எங்கிட்ட விளக்கம் கேட்டீங்களே. அன்னிக்கு எனக்கு வெக்கமா இல்லியா?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகள் கொண்டு வந்த காபியைக் குடிக்கச் சொன்னார். நான் எழுந்து செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு சார்."

வருவாரா, மாட்டாரா என்று ஐந்து நாளும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை நான் ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கப் போனபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை, விபூதி. கையில் ஒரு மஞ்சள் பை.

"பஸ் சீக்கிரம் கெடைச்சிட்டுது" என்றார், நான் கேட்காமலேயே.

பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். தலைமை ஆசிரியர், நான், ஏகாம்பரம் சார், கலைச்செல்வி, அவள் அப்பா. பதிவேடு நடுவில். ஏகாம்பரம் சார் உட்காரவில்லை.

"மேடம், ரெண்டு தபாவும் எழுதனது நான்தான்" என்று ஆரம்பித்தார். "அந்த வருசம் விஜயதசமி அன்னிக்கு ஒண்ணாங்கிளாஸ் சேக்கறதுக்குக் கூட்டம். ப்ளூ-பிளாக் தீந்துபோச்சி. கடைக்கு ஓடனேன். அங்க புதுசா ஒரு நீலம் வந்திருந்துது. தொறந்து ஒரு வரி எழுதிப் பாத்தேன். ஆனந்தா நீலம் மேடம். எங்க வூட்ல பட்டுக்குச் சாயம் போட்டா கடைசி முக்குல வரும் பாருங்க, அந்த நிறம். நான் எப்பவும் மைய வாங்கி ரெண்டு வாரம் வெயில்ல வெச்சி, தண்ணியில வெச்சிப் பாத்துட்டுதான் தொடுவேன். அன்னிக்குப் பாக்கல. அழகுல மயங்கிட்டேன். அப்பவே வந்து நாப்பத்தோரு பேரையும் அதுலயே எழுதிட்டேன்."

அலுவலர் அம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐப்பசி மழையில அலமாரி ஓதம் ஏறிடுச்சி. பொங்கல் லீவு முடிஞ்சி வந்து பாத்தா எழுத்தெல்லாம் வெளுத்துக் கெடக்குது. மத்த பக்கமெல்லாம் கல்லு மாதிரி இருக்குது, இந்த ரெண்டு பக்கம் மட்டும் புகை மாதிரி. ஒரு சனி, ஒரு ஞாயிறு. யாரும் இல்லாதப்ப உக்காந்து, ப்ளூ-பிளாக்ல மேலயே எழுதிட்டேன்."

"ஏன் தலைமை ஆசிரியர்கிட்ட அப்பவே சொல்லலை? ஒரு குறிப்பு எழுதி ஒப்பம் வாங்கியிருந்தா இன்னிக்கு இந்தப் பிரச்சினையே இல்லையே?"

"வெக்கம் மேடம். ஊருக்கெல்லாம் இங்க்கு வாங்கச் சொல்லிக் குடுக்கறவன் நான். நானே ஏமாந்துட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

அதைச் சொல்லும்போது அவர் கலைச்செல்வியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்னே வெச்சுக்கலாம்" என்றார் அலுவலர். "ஆனா அடியில இருந்தது ஆறா ஐந்தா? ஐந்தை ஆறாக்கறது சுலபம். வயித்தை மூடினாப் போதும்."

ஏகாம்பரம் சார் மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கண்ணாடியை எடுத்தார். பட்டு வாங்குகிறவர்கள் சேலையில் வைத்து இழை எண்ணிப் பார்ப்பார்களே, அந்தப் பூதக்கண்ணாடி. அண்ணன் கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"மேடம், இந்தப் பக்கத்துல எங்கெங்க அஞ்சு வருதோ, மொதல்ல அதைப் பாருங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு பழக்கம். வயித்தப் போட்டுட்டு, கடைசியிலதான் மேல குறுக்குக் கோடு போடுவேன். அது தனியா நிக்கும், ஒட்டாது. ஆறுன்னா மேலேர்ந்து ஒரே வளைவு, பேனா எடுக்க மாட்டேன். இப்ப இந்தப் பொண்ணு வரியில, கருப்புக்கு அடியில வெளுத்த கோடு எட்டிப் பாக்குது பாருங்க. எனக்கு அன்னிக்குக் கை ஒரு நூல் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்குது. அதனால அடியில இருக்கறது இடப்பக்கம் தெரியும். குறுக்குக் கோடு இருக்குதா பாருங்க."

அந்த அம்மா கண்ணாடியைப் பக்கத்தின்மேல் வைத்துக் குனிந்தார். முதலில் மற்றப் பிள்ளைகளின் ஐந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஆறுகளை. கலைச்செல்வியின் வரிக்கு வந்து ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்து மறுபடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீங்களும் பாருங்க" என்று கண்ணாடியை என்னிடம் நகர்த்தினார்.

பார்த்தேன். வெளுத்துப்போன அந்த ஆனந்தா நீலம் அங்கே இருந்தது. மேலிருந்து சறுக்கி இறங்கி, சுற்றி வந்து தன்னையே தொட்டுக்கொண்ட ஒரே வளைவு. மேலே குறுக்குக் கோடு என்று ஒன்று இல்லவே இல்லை.

"ஆறு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

ஏகாம்பரம் சார் நடந்ததை இரண்டு பக்கத்துக்கு வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தார். அலுவலர் அதைப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலோடு சேர்த்து, தன் அறிக்கையையும் வைத்தார். கிளம்பும்போது அவரிடம், "உங்க மேல நடவடிக்கைக்கு நான் எழுதலைங்க. ஆனா நீங்க செஞ்சது சரின்னும் எழுதலை" என்றார்.

"அதான் நியாயம் மேடம்" என்றார் இவர்.

அறிக்கை மேலே போய், முடிவாகித் திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் கலைச்செல்வியோடு தேறிய பெண்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு ஆணை வந்தது, ஆனால் ஒரு வருஷம் தள்ளிப் போகும் அடுத்த அணியில். சீனியாரிட்டியில் பின்னால் போய்விட்டாள். அந்தக் கோபம் அவளுக்கு இருந்தது. ஆணையைக் காட்ட வந்த அன்று என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். ஏகாம்பரம் சாருக்கும் ஒரு போன் போடுமா என்றேன். "இப்ப வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

இதற்குள் ஏகாம்பரம் சார் என்னிடம் ஒரு யோசனையோடு வந்தார். மீதி நாற்பது பேருக்கும் என்றைக்காவது இதே சிக்கல் வரலாம். ஒவ்வொருவர் வரிக்கும் தனித்தனிச் சான்று எழுதி, தலைமை ஆசிரியர் ஒப்பம் வாங்கி, அவரவர் கையில் கொடுத்துவிடலாம் என்றார். தலைமை ஆசிரியர் முனகிக்கொண்டே சம்மதித்தார். ஏகாம்பரம் சார் மூன்று நாள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து எழுதினார். நான் பதிவேட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க அவர் எழுதுவார். எழுதியதை நான் சரிபார்ப்பேன். இரண்டு இடத்தில் தப்புக் கண்டுபிடித்து, மறுபடி எழுதச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தபாலில் அனுப்பலாம் என்று நான் சொன்னதற்கு, வேண்டாம், கையில் கொடுக்கிறேன் என்று அந்த மனுஷர் பஸ் பஸ்ஸாக ஏறினார். கட்டிக்கொடுத்த பெண்கள் உத்திரமேரூரிலும் வாலாஜாவிலும் இருந்தார்கள். ஒருவன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் ஷிப்டு முடிந்து வரும்வரை கேட்டுக்கு வெளியே காத்திருந்தாராம். ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லி, தன் தப்பு என்று சொல்லி, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார். எங்கே போனாலும் சாப்பிடச் சொன்னார்களாம். "ஒருத்தருகூடத் திட்டலமா" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். நாற்பது முடிய நாலு மாதம் ஆனது. முடித்துவிட்டு, நாற்பத்தொன்றாவதையும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

கலைச்செல்வி பயிற்சி முடித்து முதல் லீவில் ஊருக்கு வந்தபோது, பள்ளிக்கு வந்தாள். பழைய வாத்தியார்களைப் பார்க்க. ஏகாம்பரம் சாரும் அன்று நோட்டை ஒப்படைக்க வந்திருந்தார். இது நான் ஏற்பாடு செய்தது என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பையிலிருந்து சான்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "அம்மா, உன் ஒரு வருச வேலைய என்னால திருப்பித் தர முடியாது. இது ஒண்ணுதான் முடியும்."

அவள் வாங்கி முழுசாகப் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு, "நோட்டுல கையெழுத்து போடணுமாமே சார்? எங்க போடணும்?" என்று கேட்டாள்.

அவர் நோட்டைத் திருப்பி வைத்து, தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். அந்த மாதிரி பேனாவில் எழுதிப் பழக்கமில்லாததால் நிதானமாகப் போட்டாள். பெயரை எழுதிவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, அதன் கீழே 'காவலர்' என்றும் எழுதினாள். பழக்கத்தில் நோட்டை மூடப் போனாள்.

"இரும்மா, மூடாத" என்றார் அவர். "ஈரமா இருக்குது."

மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். கிழக்கு ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் அந்த ஒரு வரி பளபளத்தது. பளபளப்பு அடங்கிக் காகிதத்தோடு காகிதமாகும்வரை நோட்டு திறந்தே கிடந்தது.